படநூலும் பாலர் தமிழும்

எழுத்தை அறிவதற்கு முன்பே குழந்தை படத்தை அறிகின்றது. பேசத் தொடங்காத குழந்தைகூடப் பந்தின் படத்தைக் கண்டதும் அதனைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டும். தாளிலே உள்ள ஒரு வடிவம் தாளுக்கு வெளியே உள்ள ஒரு பொருளைக் குறிக்கின்றது என்னும் அறிவே பிற்காலத்தில் எழுத்தறிவுக்கு அடித்தளம் ஆகின்றது. எழுத்தும் ஒரு குறிதானே? ஆயினும் நம் பெற்றோருட் பலர் படநூலை அழுகின்ற பிள்ளையைத் தேற்றும் விளையாட்டுப் பொருளாகவே கருதுகின்றனர். "முதலில் எழுத்தைப் படிக்கட்டும், படத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று கூறுவோரும் உளர். புலம்பெயர்ந்த மண்ணிலே தமிழ் பயிலும் பாலருக்கு இம்முறை ஏன் பொருந்தாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஊர்களில் விசயதசமியன்று ஏடு தொடக்குவர். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பர். அங்கே எழுத்து முதலில் வந்தது. அதனால் யாதொரு குறையும் நேரவில்லை. ஏனெனில் அந்தக் குழந்தையைச் சுற்றி விடிந்தது முதல் உறங்கும்வரை தமிழே ஒலித்தது. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய பாலபாடங்களைக் கையில் எடுத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவற்றிலுள்ள சொற்களிற் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே காதால் அறிந்திருந்தது. அதற்கு எஞ்சியிருந்தது, அறிந்த சொல்லுக்கு எழுத்து வடிவைப் பொருத்துவது ஒன்றே. இல்-பிசாரில் வளரும் பிள்ளையின் நிலை வேறு. வாரத்தில் ஐந்து நாளும் அது பிரெஞ்சிலே பேசி, பிரெஞ்சிலே விளையாடுகின்றது. தொலைக்காட்சி ஆங்கிலத்திலே பேசுகின்றது. தமிழ்ப் பாடசாலைக்குக் கிடைப்பது வார இறுதியிற் சில மணி நேரமே.

தமிழ் எழுத்தின் இயல்பும் இங்கே கருதத்தக்கது. 'கடல்', 'மகன்', 'தங்கம்' என்னும் மூன்று சொற்களிலும் வருவது ஒரே ககர வரிசைதான். ஆனால் ஒலி மூன்று விதம். 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் உள்ள பகரங்கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. வீட்டில் 'தம்பி' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கும்போது தடுமாறினாலும், அடுத்த கணமே தன்னைத் திருத்திக்கொள்ளும். அச்சொல்லைக் கேளாத பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை. 247 எழுத்துகளையும் ஒப்புவித்துவிட்டு ஒரு வாக்கியத்தை வாசித்துப் பொருள் சொல்ல இயலாத சிறுவர் சிலரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களுக்கு எழுத்தில் குறைவில்லை, சொல்லிலேயே குறைவு. அந்தச் சொற்களைக் காதிலும் கண்ணிலும் ஒருங்கே சேர்ப்பதற்குப் படநூலினும் எளிய கருவி வேறில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரில் ஒரு படநூலை வெளியிட்டார். குழந்தைகளுக்கென்றே ஆக்கப்பட்ட படநூல்களில் முன்னோடியாக அதனைக் கொள்வர். ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அந்த எண்ணுக்குரிய சொல்லைக் கீழே தந்தார். எழுத்துகளை விலங்குகளின் குரலோடு சேர்த்தார்: காகம் கரைவது ஒரு எழுத்து, ஆட்டுக்குட்டி கத்துவது ஒரு எழுத்து. நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, அந்நூல் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்திருந்தமையாகும். ஒரே படத்தின் கீழ் இரு மொழிகள் பகையின்றி வாழலாம் என்பதை 350 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காட்டிவிட்டார்.

இரு மொழிகளின் பகை என்று கூறியதற்குக் காரணம் உண்டு. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி கியூபெக்கில் குடியேறியோரின் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே கற்கின்றனர். பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கியதும் பெற்றோரை ஓர் அச்சம் பற்றிக்கொள்கின்றது. தமிழ் பேசினால் பிரெஞ்சு வராது என எண்ணி, தாமே சரிவர அறியாத பிரெஞ்சில் பிள்ளையோடு பேச முற்படுகின்றனர். அதுவரை வீட்டில் கேட்ட நிறைவான மொழி நின்று, அரைகுறை மொழியொன்று அதன் இடத்தைப் பிடிக்கின்றது. இழப்பு தமிழுக்கு மட்டுமன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் வலியுறுத்தி வந்த கருத்து இதற்கு நேர் மாறானது. கதையின் போக்கை விளங்கிக்கொள்ளல், அடுத்து நிகழப்போவதை ஊகித்தல், காரணம் கூறல் ஆகிய திறன்களை ஒரு மொழியில் பெற்ற பிள்ளை, மற்ற மொழிக்கும் அவற்றை எடுத்துச் செல்லும் என்பது அவர் கூற்று. ஆகவே தமிழில் கதை கேட்கும் பிள்ளை பிரெஞ்சுக்கும் ஆயத்தமாகின்றது.

பிரெஞ்சு அறியாத தாயும் அம்மம்மாவும் என்ன செய்வது என்ற வினா எழலாம். இங்கேதான் படநூலின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. படத்துக்கு மொழியில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த பிரெஞ்சுப் படநூலைத் தமிழிலே வாசிக்கலாம்! எழுதியதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. படத்திற் கண்டதைச் சொன்னாற் போதும். நம் குழந்தைகள் யாவரும் அறிந்த 'கையூ'வை எடுத்துக்கொள்வோம். கூழாங்கல் எனப் பொருள்படும் இப்பெயரையுடைய சிறுவன் தொலைக்காட்சியில் தோன்றியது 1997ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, 1989ஆம் ஆண்டில், மொன்றியலின் சூவெற் பதிப்பகத்தின் வழியாக, எலென் டெப்யூற்றோவின் ஓவியங்களில், அவன் படநூலிலே பிறந்துவிட்டான். அவன் சாப்பிட மறுப்பதையும் குளிக்க அடம்பிடிப்பதையும் சொல்வதற்கு எந்த அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு தேவை?

சொற்களே இல்லாத படநூல்களும் உண்டு. யோனார்னோ லோசன் கதையமைக்க, சிட்னி சிமித் வரைந்த ஒரு கனடிய நூல் 2015ஆம் ஆண்டில் ஆளுநர் நாயகத்தின் இலக்கிய விருதைப் பெற்றது. சிவப்பு மேலங்கி அணிந்த சிறுமி தந்தையோடு நகர வீதியில் நடந்து செல்கின்றாள். தந்தையோ தொலைபேசியில் மூழ்கியிருக்கின்றார். அவள் நடைபாதை வெடிப்புகளில் முளைத்த பூக்களைப் பறித்து, இறந்து கிடக்கும் பறவைக்கும், வாங்கிலே உறங்கும் மனிதருக்கும், வழியிற் கண்ட நாய்க்கும் வைத்துச் செல்கின்றாள். நூலில் ஒரு சொல்லும் இல்லை. சொல்பவர் வாயிலிருந்து வருவது தமிழாயின் அது தமிழ் நூலே. (தொலைபேசியைக் கீழே வைக்காத தந்தையரும் அதனைப் பார்க்கலாம்.)

நூலுக்குப் பணம் வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். இல்-பிசாரிலேயே நகர நூலகம் உள்ளது. ஒரு வயது நிறையாத குழந்தையை அங்கத்தவராகச் சேர்த்தால் நூலொன்றை அன்பளிப்பாக வழங்கும் திட்டமும் கியூபெக்கின் பொது நூலகங்கள் பலவற்றில் நடைபெறுகின்றது. நூலகரிடம் கேட்டறிதல் நன்று.

இனி, வாசிக்கும் முறையைப் பற்றிக் கூறுவோம். நூலைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் ஒப்புவிப்பது வாசிப்பன்று. அமெரிக்க உளவியலாளர் வைற்கேர்ஸ்ற் குழுவினர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் நினைவுகூரத்தக்கது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பகுதியினராகப் பிரித்தனர். ஒரு பகுதியினர் வழக்கம்போல் வாசித்தனர். மற்றப் பகுதியினர் "இது என்ன?" என்பதோடு நில்லாது "இவன் என்ன செய்கின்றான், ஏன்?" என்று கேட்கவும், குழந்தை சொன்ன அரைச் சொல்லை நிறைவாக்கித் திருப்பிச் சொல்லவும் பயிற்றப்பட்டனர். ஒரே மாதத்தில் இவர்களின் குழந்தைகள், பேச்சுத் திறனை அளக்கும் ஒரு சோதனையில், மற்றக் குழந்தைகளினும் எட்டரை மாத வளர்ச்சி முந்தி நின்றனர். இரு சாராரும் வாசித்தவர்களே. வேறுபாடு உரையாடலில் இருந்தது.

தமிழுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் மற்றொன்று. "குஞ்சு, பூனைக்குட்டி எங்க போட்டுது?" என்று தாய் கேட்பாள். நூலில் "பூனைக்குட்டி எங்கே போய்விட்டது?" என்றிருக்கும். தமிழகத்து வீடாயின் "போயிடுச்சு" என்பர். முதலாம் வகுப்பில் 'போய்விட்டது' என்பதை முதன்முறையாகக் காணும் பிள்ளைக்கு அது வேற்றுமொழிபோல் தோன்றுதல் இயற்கை. எனவே படத்தைக் காட்டி வீட்டுப் பேச்சிலேயே முதலில் உரையாடுங்கள். பின்னர் அச்சில் உள்ளதை உள்ளவாறே வாசியுங்கள். இரு தமிழும் ஒரே பூனைக்குட்டியைப் பற்றிப் பேசுவதைக் குழந்தை தானே உணர்ந்துகொள்ளும். எழுத்துத் தமிழைக் கொச்சையாக்குவதும் வேண்டாம், வீட்டுப் பேச்சைப் பிழையென்று கடிவதும் வேண்டாம்.

படம் கண்ணைக் கவரும் என்பதில் ஒரு சிக்கலும் இருக்கின்றது. கனடாவில் குவெல்ப், மொங்ரன் நகரங்களின் ஆய்வாளர்களான மேரி ஆன் எவன்சும் ஜான் செந்தோபனும், கதை கேட்கும் பாலரின் கண்கள் எங்கே செல்கின்றன என்பதைக் கருவிகொண்டு அளந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழந்தைகள் எழுத்தைப் பார்த்த நேரம் மிகமிகச் சொற்பம். கண்கள் படத்திலேயே நின்றன. ஆகையால் மடியில் இருத்தி வாசித்தாலே எழுத்துத் தானாக வந்துவிடும் என நம்பியிருத்தல் தகாது. வாசிக்கும்போது விரலைச் சொல்லின் கீழே நகர்த்துதல் வேண்டும். தமிழில் இது இன்றியமையாதது. 'கெ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி முன்னே நிற்கின்றது, ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ'வில் குறிகள் இருபுறமும் காவல் நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாய்ப் பிரெஞ்சு வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இது வியப்பாகவே இருக்கும். விரலால் மூன்றையும் சேர்த்துச் சுட்டி ஒரே ஒலியாகச் சொல்லிக் காட்டினால் நாளடைவில் விளங்கிவிடும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன எழுத்து?" என்று பரீட்சை வைப்பீர்களாயின் குழந்தை நூலை மூடிவிட்டு ஓடிவிடும். ஒரே நூலை இருபது முறை கேட்டு வாங்கும் குழந்தையைக் கண்டு சலிப்படையவும் வேண்டாம். இருபத்தோராம் முறை அது தானே வாசிப்பதுபோற் சொல்லும்; வாசிப்பின் முதற்படி அதுவே.

தமிழ்ப் படநூல்கள் முன்போல் அரிதல்ல. சென்னையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே கதையைத் தமிழ் உட்படப் பல மொழிகளிலும், சிலவற்றை இருமொழி நூல்களாகவும் வெளியிடுகின்றது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றி வாசிக்கவும் அச்சிடவும் இயலும். வாசிப்புத் திறனுக்கேற்ப அவை படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. அங்கே 'நாற்காலி' என்றிருப்பதை நம் வீட்டில் 'கதிரை' என்போம். இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் குழந்தைக்கு ஒரு சொல் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

எனினும் அந்நூல்கள் தர இயலாத ஒன்றுண்டு. அது நம் பிள்ளைகளின் சொந்த உலகம். அரிச்சுவடியில் 'உ' என்றால் உரல். உரலை இங்கே யார் கண்டார்? 'ஓ' என்னும் ஓடத்துக்கு விளக்கம் தேவையில்லை. இத்தீவைச் சூழ இருப்பது நீரே. 'அ' என்னும் அணிலோ பெருங்குழப்பம். படத்து அணிலின் முதுகில் மூன்று கோடுகள். இராமர் தடவியதால் வந்தவை என்ற கதையும் உண்டு. மொன்றியல் வீதிகளில் ஓடும் சாம்பல்நிற அணிலுக்குக் கோடு கிடையாது, உருவமும் பெரிது. கோடுள்ள சிற்றணிலைக் காண்பதற்கு நம் தீவின் இயற்கைப் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சிப்மங்க், பிரெஞ்சில் தமியா, கியூபெக் மக்களின் பேச்சில் 'சுவிஸ்'. அதுவும் நம் ஊர் அணிலன்று. குளிர்காலத்தை வளைக்குள்ளே கழிப்பது. இத்தகைய வேறுபாடுகளைப் பிள்ளை கண்டுபிடித்துக் கேட்குமாயின் அது நல்ல பாடமே. ஆனால் இப்பூங்காவும், வெண்பனியும், கையுறையும் தமிழ் நூலில் இடம்பெற வேண்டுமாயின் அந்நூலை நாமே ஆக்க வேண்டும்.

பாடசாலைகள் இதற்கு வழி காட்டியுள்ளன. மிசிசாகா நகரின் தோர்ன்வூட் பாடசாலையில் 1998ஆம் ஆண்டு முதல், குடியேறிய குடும்பத்துச் சிறுவர்கள் ஆங்கிலத்திலும் தத்தம் தாய்மொழியிலும் கதைநூல்களைத் தாமே எழுதி வரைந்தனர். தாய்மொழிப் பகுதிக்குப் பெற்றோர் துணைபுரிந்தனர். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்சுவாஸ் ஆர்மானின் 'எலோடில்' குழுவினர், ஜெனீவா நகரில் தோன்றிய 'கதைப் பை' முறையை இங்குள்ள பாலர் வகுப்புகளுக்குக் கொணர்ந்தனர். பிரெஞ்சிலும் வீட்டு மொழிகளிலும் அமைந்த படநூல் ஒரு பையில் பிள்ளையோடு வீட்டுக்குச் செல்லும். வீட்டில் அம்மொழியில் வாசிக்கப்பட்டுத் திரும்பி வரும். பிரெஞ்சுப் பாடசாலையே தாய்மொழியில் வாசியுங்கள் என்று கேட்கும்போது நாம் தயங்குவது முறையாகுமா?

மாணவச் செல்வங்களே, இப்பணிக்கு உங்களினும் தகுந்தவர் இலர். தம்பி தங்கையரின் விருப்பமும் பேச்சும் உங்களுக்கே தெரியும். இரண்டு வெள்ளைத் தாள்களை நடுவே மடித்துத் தைத்தால் எட்டுப் பக்க நூல் ஆயத்தம். பக்கத்துக்கு ஒரு படம். நீங்கள் வரைந்ததாயினும் சரி, எடுத்த ஒளிப்படமாயினும் சரி. படத்தின் கீழே நான்கு சொற்களுக்கு மேற்படாத ஒரு வரி, பெரிய எழுத்தில், சொற்களுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு எழுதுங்கள். ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருமாயின் சிறுவர் விரைவிற் பிடித்துக்கொள்வர்: 'அணில் எங்கே? மரத்திலே.' 'வாத்து எங்கே? நீரிலே.' 'சிற்றணில் எங்கே? வளையிலே.' எழுத்துப் பிழைகளை அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ காட்டித் திருத்திய பின் மையால் எழுதுங்கள். அட்டைக்குத் தானியப் பெட்டியின் தடித்த அட்டை போதுமானது. குழந்தையின் கைக்கு அது தாங்கும்.