எண்கள் தெரிந்தால் பந்தயத்தில் வெல்லலாமா?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரிக்லி ஃபீல்டு என்னும் பேஸ்பால் அரங்கம் இருக்கிறது. அது 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1917 மே 2ஆம் தேதி அங்கு நடந்த ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ் முடியும் வரை இரு அணிகளாலும் 'ஹிட்' எனப்படும் நல்ல அடி ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் சின்சினாட்டி அணி ஒரே ஓர் ஓட்டம் எடுத்து வென்றது.

1922 ஆகஸ்ட் 25ஆம் தேதி அதே அரங்கில் சிகாகோ கப்ஸ் அணி பிலடெல்பியா பிலீஸ் அணியை 26-23 எனத் தோற்கடித்தது. மொத்தம் 49 ஓட்டங்கள்! 1979 மே 17ஆம் தேதி அதே இரு அணிகள் அங்கு மீண்டும் மோதின. இம்முறை பிலடெல்பியா 23-22 என வென்றது. மொத்தம் 45 ஓட்டங்கள்.

ஒரே அரங்கத்தில் ஒரு நாள் ஓர் ஓட்டம், இன்னொரு நாள் 49 ஓட்டங்கள். அப்படியென்றால் நாளைய ஆட்டத்தில் எத்தனை ஓட்டங்கள் வரும் என்பதை எவராவது முன்கூட்டியே சொல்ல முடியுமா? புள்ளிவிவரங்களைக் கொண்டு சொல்லலாம் என்று நம்பிப் பணம் கட்டுவோர் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் போடும் கணக்கு என்ன, அது எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

மேலா, கீழா?

பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ் உண்டு. ஓர் இன்னிங்ஸில் மூவர் ஆட்டமிழந்தால் அது முடிந்துவிடும். பந்தை அடித்தவர் மூன்று தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டைப் போல நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் குவிவதில்லை. இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 அல்லது 9 ஓட்டங்கள்தான் எடுக்கும்.

பந்தய நிறுவனம் ஆட்டத்திற்கு முன்பே ஓர் எண்ணை அறிவிக்கும். அது 8.5 என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஓட்டங்கள் அதற்கு மேலா, கீழா என்பதுதான் பந்தயம். அரை ஓட்டம் என்று ஒன்று இல்லாததால், எந்தப் பக்கமும் சேராத முடிவு வராது. எந்த அணி வெல்கிறது என்பதைப் பற்றியும் கவலையில்லை. அதனால்தான், அணிப்பற்று குறுக்கே வராத இந்தப் பந்தயம் கணக்கில் நம்பிக்கை உள்ளவர்களை இழுக்கிறது.

விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14ஆம் தேதி செல்லாது என அறிவித்தது. அதன்பின் பல மாநிலங்கள் அதை அனுமதித்தன. முன்பு சூதாட்டக் கூடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தவர்கள் இப்போது கைப்பேசியிலேயே பணம் கட்டுகிறார்கள்.

காவலாளி போட்ட கணக்கு

எண்களோடு இத்தனை நெருக்கமான விளையாட்டு வேறு இருக்குமா என்பது சந்தேகமே. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்த ஹென்றி சாட்விக், 1859ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் ஆட்டத்தைக் கட்டங்களில் எண்களாகப் பதிவு செய்யும் முறையை வகுத்தார்.

அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, கான்சஸ் மாநிலத்தில் உணவு டப்பாக்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்த பில் ஜேம்ஸ், 1977ஆம் ஆண்டு தம் ஆய்வுகளைத் தாமே நூலாக வெளியிட்டார். ஓர் அணி எத்தனை முறை தளங்களை எட்டுகிறது, ஒவ்வோர் அடியிலும் எத்தனை தளங்களைக் கடக்கிறது ஆகிய இரண்டும் தெரிந்தால், அந்த அணி எடுக்கக்கூடிய ஓட்டங்களை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்று அவர் காட்டினார். 2003ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. 1918க்குப் பிறகு கோப்பையையே காணாத அந்த அணி 2004ஆம் ஆண்டு வென்றது.

அணிகளுக்குப் பயன்பட்ட அதே எண்களைப் பந்தயத்துக்கும் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் பலருக்கு வந்ததில் வியப்பில்லை.

கணக்கு இப்படித்தான்

ஓர் எளிய உதாரணம். லீக் முழுவதிலும் ஓர் அணியின் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 4.5 ஓட்டங்கள் என்று கொள்வோம். முதல் அணி சராசரியாக 5 ஓட்டங்கள் எடுக்கிறது. எதிரணியின் பந்துவீச்சாளர்கள் சராசரியாக 4 ஓட்டங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். ஐந்தை நான்கால் பெருக்கி 4.5ஆல் வகுத்தால் 4.44 வரும். இரண்டாம் அணி எடுப்பது 4.2 ஓட்டங்கள், அதன் எதிரணி விட்டுக்கொடுப்பது 4.8. அதே முறையில் 4.48 வரும். இரண்டையும் கூட்டினால் 8.92. ஆட்டம் நடக்கும் அரங்கம் வழக்கத்தைவிட 5 விழுக்காடு அதிக ஓட்டங்கள் தரும் இடமாக இருந்தால், மொத்தம் ஏறத்தாழ 9.4 ஆகும். நிறுவனம் அறிவித்த எண் 8.5 என்றால் 'மேல்' என்று கட்டத் தோன்றும்.

பந்துவீச்சாளரை எடைபோடுவதிலும் நுணுக்கம் உண்டு. அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அடிக்கப்பட்ட பந்து தடுப்பாளர் கையில் விழுமா, இடைவெளியில் விழுமா என்பதில் அவருடைய பங்கு குறைவு என்று 2001ஆம் ஆண்டு வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். எத்தனை பேரைப் பந்தடிக்க விடாமல் வெளியேற்றினார், எத்தனை பேருக்குத் தவறான பந்து வீசி இலவசமாகத் தளம் கொடுத்தார், எத்தனை பந்துகள் எல்லைக்கு வெளியே பறந்தன ஆகிய மூன்றும்தான் அவருடைய திறனைக் காட்டும் எண்கள். இப்போதெல்லாம் தொடக்கப் பந்துவீச்சாளர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸைச் சற்றே தாண்டுவதால், மாற்றாக வருபவர்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

காற்றும் உயரமும்

இடத்தின் தன்மையை விட்டுவிட்டால் கணக்கு தப்பிவிடும். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தியின்றி இருப்பதால் அடித்த பந்து அதிகத் தூரம் பறக்கும்; வீசிய பந்து குறைவாகவே வளையும். 1995ஆம் ஆண்டு அங்கு திறக்கப்பட்ட கூர்ஸ் ஃபீல்டு அரங்கில் ஓட்டங்கள் மிதமிஞ்சிக் குவிந்தன. வறண்ட காற்றில் பந்து காய்ந்து இறுகுவதைத் தடுக்க, 2002ஆம் ஆண்டு முதல் பந்துகளை ஈரப்பதமுள்ள அறையில் வைக்கத் தொடங்கினார்கள். ஓட்டங்கள் குறைந்தன. ஆனாலும் அங்குதான் இன்றும் ஓட்டங்கள் அதிகம். ரிக்லி ஃபீல்டிலோ காற்றுதான் ராஜா. 1979இல் 45 ஓட்டங்கள் வந்த அன்று, காற்று அரங்கத்திலிருந்து வெளிப்புறமாகப் பலமாக வீசியது.

விதிகளும் மாறும். 1968ஆம் ஆண்டு இரு அணிகளின் மொத்த ஓட்டச் சராசரி 7ஐக் கூடத் தொடவில்லை. அடுத்த ஆண்டு பந்துவீசும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. சராசரி 8ஐத் தாண்டியது. 2000ஆம் ஆண்டு அது 10ஐத் தாண்டியது. 2014இல் மீண்டும் 8 அளவுக்கு இறங்கியது. பந்து வீச நேரக் கட்டுப்பாடு உள்ளிட்ட புதிய விதிகள் வந்த 2023ஆம் ஆண்டு 9க்கு மேல் ஏறியது. பழைய எண்களை அப்படியே நம்புபவர் பழைய ஆட்டத்துக்குத்தான் பந்தயம் கட்டுகிறார்.

சிக்கல் எங்கே?

இவ்வளவையும் கற்றுக்கொண்டவர் வெல்ல மாட்டாரா? பலரும் இடறி விழும் இடம் இதுதான்.

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் பந்தய நிறுவனத்துக்கும் தெரியும். அரங்கம், காற்று, பந்துவீச்சாளர் அனைத்தும் அந்த 8.5 என்ற எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. ஒரு பக்கம் பணம் குவிந்தால் எண் 9 ஆக நகரும். ஆகவே ஆட்டத்தைச் சரியாகக் கணித்தால் மட்டும் போதாது. அந்த எண்ணைப் போட்டவரைவிடச் சரியாகக் கணிக்க வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் பங்கு. 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும் என்பது பொதுவான முறை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து 200 பந்தயம் கட்டுபவர் 100இல் வென்று 100இல் தோற்றால், கிடைப்பது 10,000 டாலர். இழப்பது 11,000 டாலர். பாதிக்குப் பாதி வென்றும் 1,000 டாலர் நட்டம். கைமுதல் தேறுவதற்கே நூற்றுக்கு ஏறக்குறைய 52.4 பந்தயங்களில் வெல்ல வேண்டும்.

மூன்றாவது அதிர்ஷ்டம். சராசரி 9 என்பதால் எல்லா ஆட்டமும் 9 ஓட்டங்களில் முடிவதில்லை. 4 ஓட்டங்களில் முடிபவையும் 14 ஓட்டங்களைத் தொடுபவையும் வாரந்தோறும் உண்டு. கணிப்பு அரை ஓட்டம் துல்லியமாக இருந்தாலும், ஒரே ஓர் அடி அதை அழித்துவிடும்.

200 பந்தயத்தில் தெரியாது

கணக்கே தெரியாமல் நாணயம் சுண்டிப் பந்தயம் கட்டும் 100 பேரை எடுத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணக்கின்படி, 200 பந்தயங்கள் முடிந்தபின் அவர்களில் ஏறத்தாழ 26 பேர் இலாபத்தில் இருப்பார்கள். தங்களுக்கு ஏதோ ஒரு சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்றும் நினைப்பார்கள். அவர்களே 2,000 பந்தயம் வரை போனால், இலாபத்தில் மிஞ்சுவது இரண்டு பேர் கூடச் சந்தேகம்.

மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே திறமையோடு நூற்றுக்கு 54 பந்தயங்களை வெல்லக்கூடியவர், 200 பந்தயங்கள் முடிவில் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு. ஒரு பருவம் முழுவதும் கட்டிப் பார்த்தும், தாம் திறமைசாலியா அதிர்ஷ்டசாலியா என்பது ஒருவருக்கே தெரியாமல் போகலாம். தெரியாத நிலையில் தொகையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உள்ளது. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓதானியின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 2021 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை சட்டவிரோதத் தரகர் ஒருவரிடம் ஏறத்தாழ 19,000 பந்தயங்கள் கட்டினார். அவை பேஸ்பால் பந்தயங்கள் அல்ல, பிற விளையாட்டுகள் மீது கட்டியவை. நீதிமன்ற ஆவணங்களின்படி, வென்ற பந்தயங்களில் அவருக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 142 மில்லியன் டாலர். தோற்றவற்றில் போனது ஏறத்தாழ 183 மில்லியன் டாலர். வென்ற தொகையை மட்டும் பார்த்தால் அவரைவிடச் சாமர்த்தியசாலி இல்லை. ஆனால் மீதி 40 மில்லியனுக்கு மேற்பட்ட நட்டம். அதை அடைக்க ஓதானியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 17 மில்லியன் டாலரைத் திருடினார். 2025 பிப்ரவரியில் அவருக்கு 57 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

புள்ளிவிவரம் பொய் சொல்வதில்லை. காற்று வெளியே வீசும் நாளில் ஓட்டங்கள் கூடும் என்று அது சொல்வது சரியே. அதே புள்ளிவிவரம்தான் 52.4 என்ற வேலியைப் பற்றியும், 200 பந்தயத்தில் எதுவும் தெளிவாகாது என்பதைப் பற்றியும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு பணப்பையைத் திறப்பவர்கள்தான் அதிகம். ஆட்டத்தைப் புரிந்து ரசிக்க எண்கள் நல்ல துணை. அவற்றை நம்பி வீட்டுச் செலவுக்கான பணத்தை வைப்பவர், இரண்டாம் பாதியையும் ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.