இடைக்காலச் சமையற்காரர்

சமையற்றொழிலில் ஓரிடத்தை விட்டு மற்றோரிடந் தேடுபவர்க்கு இடையில் வருங் காலம் மிகக் கடினமானது. வீட்டு வாடகை நமக்காகக் காத்திருப்பதில்லை. கையிருப்போ நாளுக்கு நாள் தேய்கின்றது. பிரித்தானியாவில் இந்நிலையிலுள்ள சமையற்காரர் பலர், முகவர் நிலையமொன்றிற் பெயரைப் பதிந்துகொண்டு, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ வேலை செய்கின்றனர். உணவகத்தை ஒருநாள் பூட்டி வைக்கலாம். முதியோர் இல்லத்தின் அடுப்பை ஒருவேளையேனும் அணைத்து வைத்தல் இயலாது. ஆதலின், அங்குள்ள சமையற்காரர் நோயுற்றாலும் விடுமுறையிற் சென்றாலும் அவ்விடத்தை நிரப்ப ஓர் ஆள் உடனே வேண்டியிருக்கின்றது.

இவ்வேலையைப் பெறுவதற்கு உணவுச் சுகாதாரச் சான்றிதழும், அந்நாட்டில் வேலைசெய்யும் உரிமையைக் காட்டும் பத்திரங்களும், குற்றப்பதிவு பற்றிய சோதனையும் பொதுவாகக் கேட்கப்படும். இச்சோதனை முடியச் சில வாரங்கள் ஆகலாம். எனவே, கையிலுள்ள வேலை முடிவதற்கு முன்னரே பெயரைப் பதிந்து வைத்தல் புத்தி. மற்றொன்றையும் மனத்திற் கொள்க: வேலை தேடித் தருவதற்கென்று சமையற்காரரிடம் முகவர் கட்டணம் வாங்குதல் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது.

உணவகத்திற் கைதேர்ந்த ஒருவர் முதியோர் இல்லத்துச் சமையலை எளிதென எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. உணவகத்திற் பிழை நேர்ந்தால் உண்பவர் முகஞ்சுளிப்பார்; இங்கே பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து விளையலாம்.

பாரிசவாதத்தாலும் மறதிநோயாலும் பீடிக்கப்பட்டோர் பலர்க்கு விழுங்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. உணவு இரைப்பையை நோக்கிச் செல்லாது மூச்சுக்குழாயினுட் புகுந்தால், அடைப்பினால் மூச்சுத் திணறலாம். அல்லது நுரையீரலில் நிமோனியா தோன்றலாம். இதனைத் தடுப்பதற்கென உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரையான படிகளாக வகுத்த சர்வதேச முறையொன்று உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவிலும் அதுவே வழக்கிலுள்ளது. நான்காம் படி, கட்டியில்லாது மசித்த உணவு. ஐந்தாம் படி, ஈரப்பதத்துடன் நுண்ணிதாகக் கொத்திய உணவு. வளர்ந்தோர்க்குரிய துணுக்கின் அகலம் 4 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது. சாதாரண முள்ளுக்கரண்டியின் இரு முட்களுக்கிடையேயுள்ள வெளி ஏறக்குறைய அவ்வளவே. ஆகையால் அளவுகோல் கையிலேயே இருக்கின்றது! ஆறாம் படி, ஒன்றரைச் சதமமீற்றருக்கு மேற்படாத மென்மையான துண்டுகள். பாண் நமக்கு மென்மையானதே. ஆயினும் விழுங்க இயலாதவர் வாயில் அது பசைபோல் ஒட்டி இடர் விளைவிக்கும்.

அடுத்தது ஒவ்வாமை. அந்நாட்டுச் சட்டம் 14 பொருள்களைக் குறித்து வைத்திருக்கின்றது. பால், முட்டை, மீன், நிலக்கடலை ஆகியன அப்பட்டியலில் இருத்தல் வியப்பன்று. கடுகும் எள்ளும் அதில் உள்ளன என்பதை நம்மவர் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். சுவைக்காகத் தாளித்துக் கொட்டுங் கடுகு ஒருவர்க்கு நஞ்சாகலாம்.

ஆதலின், இடைக்காலச் சமையற்காரர் அடுப்பை மூட்டுவதற்கு முன் செய்யவேண்டிய முதற்பணி, அங்கு வாழ்வோரின் உணவுப் பட்டியலை வாசித்தலே. யாருக்கு எந்தப் படி, யாருக்கு எது ஒவ்வாது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அப்பட்டியல் பழையதாய்த் தோன்றினால் தாதியைக் கேட்க, ஊகித்துப் பரிமாறற்க. ஒருநாள் மட்டுமே வந்தவர் கேள்வி கேட்க வெட்கப்படுவதுண்டு. அவ்வெட்கமே இத்தொழிலின் பெரும் பகை. உணவின் நடுப்பகுதி 75 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டியதா, சூடாக வைத்திருக்கும் உணவு 63 பாகைக்குக் குறையாதிருந்ததா என்பனவற்றை அளந்து ஏட்டிற் பதிதலும் அவர் கடமையே.

பாதுகாப்பு மட்டும் போதுமா? போதாது. முதுமையில் பசி குன்றும், உடல் மெலியும். சிறிதளவே உண்பவர்க்கு அச்சிறிதளவிலேயே வலுவூட்ட வேண்டும். பிசைந்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும், கஞ்சியிற் பாலாடையும் பால்மாவுஞ் சேர்ப்பது இதற்காகவே. மசித்த உணவையும் இறைச்சி வேறு, கரட் வேறு, பட்டாணி வேறு என நிறம் தோன்றப் படைத்தால் உண்பவர்க்குத் தாம் உண்பது யாதென விளங்கும். எல்லாவற்றையும் ஒன்றாய் அரைத்துச் சாம்பல்நிறக் கூழாக்கி வைத்தால் யார்தான் உண்பர்? தொடாமல் திரும்பி வருந் தட்டும் ஒரு செய்தியே. அதனைப் பராமரிப்போர்க்குத் தெரிவித்தல் நன்று.

இனி, வேலை தேடுபவரின் நலனைப் பார்ப்போம். பெரிய பிரித்தானியாவில் 2011 ஒக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, முகவர் வழி வந்தவர் அவ்வில்லத்தில் வெற்றிடமான பதவிகளைப் பற்றி முதல்நாளிலிருந்தே அறியும் உரிமையுடையவர். ஒரேயிடத்தில் ஒரே பணியை 12 வாரங்கள் செய்து முடித்தபின், அங்கு நேரடியாக நியமிக்கப்படுவோர்க்குரிய அடிப்படை ஊதியத்தையும் அவர் கோரலாம். பல இல்லங்களை உள்ளிருந்து பார்த்து, தமக்கு ஏற்றது எதுவெனத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வேறெவர்க்குக் கிடைக்கும்?

ஆயினும் ஓர் ஆபத்துண்டு. நாள்தோறும் அழைப்பு வர, நாள்தோறும் போய்வந்து, மாலையிற் களைத்து உறங்கினால், நிலையான உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது எப்போது? இடைக்காலம் இவ்வாறே ஆண்டாக நீள்வதுண்டு. வாரத்தில் ஒரு நாளையேனும் விண்ணப்பத்துக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் ஒதுக்கி, அந்நாளில் வேலையில்லையென முகவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எத்தனை பேருக்குச் சமைத்தோம், எந்தெந்தப் படி உணவுகளைச் செய்தோம் என்று குறித்துவைத்தால், அக்குறிப்பே நல்லதொரு நற்சாட்சிப் பத்திரமாகும்.

சமைப்பவர் நாளை வேறிடம் போய்விடலாம். ஆனால் இன்று அவர் அனுப்பும் தட்டின் முன் அமர்ந்திருக்கும் முதியவர்க்கு அது இடைக்கால உணவன்று; அவருடைய அன்றைய உணவே அதுதான். இதனை உணர்ந்து சமைப்பவர், வேலை தேடுங் காலத்தையும் வீணாக்காதவர் ஆவர்.