ராத்திரியில் தூங்க விடாத அரிப்பு: அருவித் தண்ணி மேல் பழி போடாதீங்க, கீரிப்பூச்சி செய்யும் வேலை!

தென்காசி:

குற்றாலத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்த பிள்ளை, அன்று ராத்திரியே தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு அழுகிறது.

"அத்தனை பேர் குளிக்கிற இடத்துல என்னத்தையோ ஒட்டிக்கிட்டு வந்துட்டு" என்று அம்மா அருவியைத் திட்டுவார். "முட்டாய் தின்னாதலே, பூச்சி வைக்கும்னு சொன்னேன்லா" என்று ஆச்சி முதுகில் ரெண்டு போடுவார்.

ரெண்டுமே தப்பு. அருவியும் காரணம் இல்லை, முட்டாயும் காரணம் இல்லை. இது கீரிப்பூச்சி செய்யும் வேலை. நூல்புழு என்றும் சொல்வார்கள். டாக்டர்கள் 'பின்வார்ம்' என்பார்கள்.

ஒரு மாசத்துக்கு முந்தைய கதை

இந்தப் பூச்சியின் முட்டை வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. குடலில் பொரிந்து, வளர்ந்து, பெண் பூச்சி முட்டை போடும் பருவத்துக்கு வர ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். அதனால் அருவியில் குளித்த அன்றைக்கே அரிக்கிறது என்றால், முட்டை உள்ளே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அர்த்தம். குற்றாலத்துக்குக் கிளம்பும்போதே பூச்சியும் கூடவே வந்திருக்கிறது!

வெள்ளை நூல் துண்டு போல இருக்கும் பெண் பூச்சி சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆண் பூச்சி அதில் பாதி கூட இருக்காது. ஆள் தூங்கிய பிறகு பெண் பூச்சி ஆசனவாய்க்கு வெளியே ஊர்ந்து வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதில்தான் அந்த அரிப்பு. பகலில் சும்மா இருக்கும் பிள்ளை ராத்திரியில் மட்டும் படுத்தி எடுப்பது இதனால்தான்.

சொறிந்த கையின் நக இடுக்கில் முட்டை ஏறிவிடும். அந்த முட்டைகள் சில மணி நேரத்திலேயே அடுத்தவருக்கும் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் அதே விரல் வாய்க்குப் போகும், தம்பியின் தட்டுக்கும் போகும். பிள்ளை தனக்குத் தானே மறுபடி பூச்சி வைத்துக்கொள்வதும் இப்படித்தான். பாய், தலையணை, போர்வை, ஜட்டி, துண்டு எல்லாவற்றிலும் முட்டை ஒட்டிக்கொண்டு இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.

சீசன் நேரத்தில் கவனிக்க வேண்டியது அருவியை அல்ல, தங்கும் ரூமை. ஒரே ரூமில் ரெண்டு குடும்பம் நெருக்கிப் படுப்பது, ஒரே போர்வையை நாலு பிள்ளைகள் இழுப்பது, ஐந்தருவியில் நனைந்த துண்டிலேயே எல்லோரும் துவட்டுவது இதெல்லாம் பூச்சிக்குக் கொண்டாட்டம். சொல்லப்போனால் காலையில் எழுந்ததும் தண்ணீரை ஊற்றி நன்றாகக் கழுவிக் குளிக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். ராத்திரி போட்ட முட்டைகள் அதில் போய்விடும்.

வெட்கப்பட்டால் ஆகாது

பெண் குழந்தைகளுக்குப் பூச்சி முன்பக்கமும் போய்விடுவது உண்டு. அங்கே அரிப்பு, எரிச்சல் வரும். சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பதும் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அம்மாக்கள் பயந்துபோய் இருப்பார்கள். இது அழுக்கான வீட்டில் மட்டும் வரும் வியாதி இல்லை. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் ஒரு குகையில் கிடைத்த, சுமார் 10 ஆயிரம் ஆண்டு பழமையான மனித மலத்திலேயே இதன் முட்டை இருந்திருக்கிறது. பணக்கார நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இன்றைக்கும் இருக்கிறது.

மண்ணெண்ணெய் தொட்டு வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்து புண்ணாகிவிடும்.

மலப் பரிசோதனையில் இந்தப் பூச்சி பெரும்பாலும் அகப்படாது. முட்டை வெளியே தோலில் அல்லவா இருக்கிறது! காலையில் எழுந்ததும், கக்கூஸ் போவதற்கு முன்னால், கழுவுவதற்கு முன்னால், செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தை அந்த இடத்தில் ஒற்றி எடுத்துக் கொடுத்தால் லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தூங்கி ரெண்டு, மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூச்சி நெளிவது கண்ணுக்கே தெரிவதும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் குறி உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மூன்று. அவை மண் மூலம் பரவுபவை. கீரிப்பூச்சி அப்படி இல்லை, ஆளிடமிருந்து ஆளுக்கு வருவது.

அதே மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும். ஆனால் முட்டையை முழுசாக அழிக்காது. மிச்சம் இருக்கும் முட்டை பொரிந்து வரும்போது பிடிக்க, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை மருந்து எடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். "மாத்திரை போட்டும் கேக்கல" என்பார்கள்.

இன்னொரு கோட்டை, அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுப்பது. அரிப்பே இல்லாத அப்பாவிடமும் அக்காவிடமும் பூச்சி இருக்கலாம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கச் சொல்வது அதனால்தான். கர்ப்பிணிகளும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களுக்கு, ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் சுளகில் கை ஓடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் அன்றைய கூலியும் போச்சு. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போகும்போதே வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது என்று சொல்லி, எல்லோருக்கும் ரெண்டு தவணைக்கும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மருந்து போட்ட மறுநாள் காலையில் படுக்கை விரிப்பு, ஜட்டி, துண்டு எல்லாவற்றையும் உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்க வேண்டும். உதறினால் முட்டை காற்றில் பறக்கும். வெயிலில் காயப்போட்டால் முட்டை சாகும். சாரல் காலத்தில் தென்காசியில் வெயிலுக்கு எங்கே போவது? இஸ்திரி பெட்டியால் சூடாகத் தேய்த்தால் போதும். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரி இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வைக்க வேண்டும்.

முதல் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை போட்டால் நாள் மறக்காது. அன்றே காலண்டரில் அடுத்த ஞாயிறை விட்டுவிட்டு, அதற்கடுத்த ஞாயிறை வட்டம் போட்டு வைக்கலாம். இரண்டாவது மாத்திரை அன்றைக்கு.