பழைய காருக்கு ஏற்ற எஞ்சின் ஆயில்

மீஞ்சூர் வட்டாரத்தில் சில உழவர் வீடுகளில் பழைய அம்பாசிடர் கார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. விதை மூட்டை எடுத்து வரவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணை. 1957இல் தொடங்கிய இக்காரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எஞ்சின் பழுதானால் ஒரு பருவத்துச் சேமிப்பே கரைந்துவிடக்கூடும். எனவே ஆயில் தேர்வில் கவனம் தேவை. "எஞ்சின் பழசு, கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும்" என்ற யோசனை எப்போதும் சரியானதன்று.

எண்கள் எதைக் குறிக்கின்றன?

ஒரு திரவம் ஓடும்போது காட்டும் தடையே பாகுநிலை எனப்படும். நல்லெண்ணெய் விரைவாக வழியும். விளக்கெண்ணெய் மெதுவாக வழியும். எந்த எண்ணெயும் குளிரில் இறுகும், சூட்டில் இளகும்.

டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்பது போன்ற எண்கள் இருக்கும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த தர எண்கள் இவை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 20டபிள்யூ என்பது உறைநிலைக்கும் கீழே 15 பாகையில் எஞ்சினைச் சுழற்ற இயலுமா என்று பார்த்து அளிக்கப்படுவது. மீஞ்சூரில் மார்கழிக் குளிர்கூட அதன் அருகில் செல்வதில்லை. எனவே நாம் முதலில் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணையே. இது 100 பாகை செல்சியசு வெப்பத்தில் உள்ள பாகுநிலையைக் காட்டும். 30 எண் ஆயிலுக்கு இது 9.3 முதல் 12.5 வரையிலும், 40 எண்ணுக்கு 12.5 முதல் 16.3 வரையிலும், 50 எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரையிலும் சென்டிஸ்டோக்ஸ் இருக்கும்.

மணலி சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில் கிடைக்கும் அடிப்படை எண்ணெயுடன், சூட்டில் விரியும் பலபடிச் சேர்மங்களைக் கலந்து இவ்வகை இரட்டை எண் ஆயில் தயாரிக்கப்படுகிறது. இது சூட்டில் அளவு மீறி இளகுவதில்லை.

கெட்டியான ஆயிலின் குறை

எஞ்சினைத் தொடங்கியதும் ஆயில் மேலேறி வால்வுப் பகுதியை அடைய வேண்டும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் அங்கு சென்றடையத் தாமதமாகும். அழுத்தமானியின் முள் உயர்வதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் மேல்பக்கம் நீர்மட்டம் உயரும். அதனால் கடைமடைக்குத் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்ததாகப் பொருளாகாது. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

மிக மெல்லிய 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்களும் இவற்றிற்கு ஏற்றவை அல்ல. அவை குறுகிய இடைவெளி கொண்ட புதிய எஞ்சின்களுக்கானவை. புகை வடிகட்டும் கருவி கெடாதிருக்க அவற்றில் பாசுவரச் சேர்மம் குறைக்கப்பட்டுள்ளது. பழைய எஞ்சினின் கேம் தண்டைத் தேய்மானத்திலிருந்து காப்பது அச்சேர்மமே.

எங்கள் வீட்டு அனுபவம்

சரக்கு லாரிகளுக்குப் பின்னால் எங்கள் கார் ஊர்ந்தபோது ஆயில் எச்சரிக்கை விளக்கு மின்னியது. 50 எண் ஆயில் மாற்றினோம், விளக்கு அணைந்தது. ஒரு மாதத்தில் மீண்டும் மின்னியது. அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தபோது ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. பெட்ரோல் நெடியும் வீசியது. பெட்ரோல் பம்பின் உட்சவ்வு கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. சவ்வை மாற்றி, புதிய 20டபிள்யூ-40 ஊற்றியதும் குறை தீர்ந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் உருகியிருக்கும். இலை மஞ்சளானதும் காரணம் அறியாமல் யூரியா போடுவதைப் போன்றதே நாங்கள் செய்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கார்க் கையேட்டில் உள்ள எண்ணையே முதலில் பின்பற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் உரிய ஆயிலைத் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.

2. காரைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மட்டம் பார்க்க வேண்டும். மட்டம் கூடினாலோ பெட்ரோல் நெடி வீசினாலோ பெட்ரோல் கலப்பு. பால் போல் வெளுத்தால் தண்ணீர்க் கலப்பு.

3. தொடங்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல்களையும், ஓடும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளையும் சோதிக்க வேண்டும்.

4. வேறு குறை எதுவுமின்றித் தேய்மானம் மட்டுமே உள்ளது என உறுதியானால், கையேடு இடமளிக்குமானால், 40இலிருந்து 50க்கு ஒரு படி உயர்த்தலாம். இது சிறிது கால அவகாசம் தருமே தவிர, தேய்ந்ததைச் சரிசெய்யாது.

5. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலைகளில் தூசியும் நெரிசலும் மிகுதி. அவ்வழியே அடிக்கடி செல்வோர் குறித்த தொலைவுக்கு முன்பே ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுவது நல்லது.

வடித்த பழைய ஆயிலை வரப்பிலோ கிணற்றருகிலோ கொட்டக் கூடாது. கடல்நீர் புகுந்து நல்ல தண்ணீரை இழந்த கிணறுகள் நம் பகுதியில் ஏற்கெனவே உண்டு. அதனைக் கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைக்க வேண்டும். மண்ணைச் சோதித்த பின் உரமிடுவதைப் போல, எஞ்சினைச் சோதித்த பின் ஆயிலைத் தேர்ந்தெடுத்தால் பழைய காரும் பல ஆண்டுகள் உழைக்கும்.