காதுத் துளையில் ஓர் ஈர்க்குச்சி

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை விளாங்குடித் தெருக்களில் நடந்து பாருங்கள். கையில் இருக்கும் பைபிளைப் பார்த்து, யார் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. காதைப் பார்த்தால் சொல்லிவிடலாம். தோடு, பொட்டு, தலையில் ஒரு முழம் மல்லிகை எல்லாம் இருந்தால் ஆர்.சி. கோயில் பூசைக்குப் போகிறவர். தோடு உண்டு, பொட்டு இல்லை என்றால் அநேகமாக சி.எஸ்.ஐ. பொட்டும் பூவும் இல்லாமல் காதில் வெறும் துளை மட்டும் தெரிந்தால், எங்கோ ஒரு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் பெந்தெகொஸ்தே சபை. இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது என்றாலும் பெரும்பாலும் தப்பாது.

காதில் தோடு இல்லாதவர்கள்தான் அந்தக் கேள்வியையும் கேட்பார்கள்: “ரட்சிக்கப்பட்டுட்டீங்களா, பிரதர்?” நான் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன். என்னையும் விடமாட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், பெயர்க் கிறிஸ்தவர்கள்.

எழுபதுகளின் கடைசியில் இதே கேள்வி சைக்கிளில் வந்தது. அப்போது விளாங்குடி மதுரையைச் சேர்ந்த ஊர் இல்லை. ஆரப்பாளையம் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் வந்தால் 1953இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய பாத்திமா கல்லூரி. அதை விட்டால் ஊர், வயல், தென்னந்தோப்பு, தெற்கே வைகை. சாயங்காலத்தில் சுவிசேஷ ஊழியர்கள் வருவார்கள். ஒரு ஆர்மோனியம், ஒரு பெட்ரோமாக்ஸ், பை நிறையக் கைப்பிரதி. பாட்டு முடிந்து பிரசங்கம், பிரசங்கம் முடிந்து கண்ணை மூடச் சொல்லி ஜெபம். “இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்.” உயர்ந்த கைகளை ஒருவர் நோட்டில் எண்ணி எழுதுவார். கை தூக்கிய சிறுவர்களுக்கு வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். நல்ல மேய்ப்பன் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிப் போகும் படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடலின்மேல் நடக்கும் படமும் வேண்டியிருந்தது. ஆக, ஒரே வாரத்தில் மூன்று முறை ரட்சிக்கப்பட்டேன். அந்த நோட்டுக் கணக்கில் நான் மூன்று ஆத்துமா.

கை தூக்கியவர்களில் யார் மெய்யாகத் தூக்கினார்கள், யார் அட்டைக்குத் தூக்கினார்கள் என்று அந்த ஊழியருக்கு எப்படித் தெரியும்? மதுரையில் இந்தக் குழப்பத்துக்கு நானூறு வயது தாண்டிவிட்டது.

1606இல் இத்தாலிய சேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, போர்த்துக்கீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ் இங்கே பத்து ஆண்டுக்கு மேலாக ஊழியம் செய்துகொண்டிருந்தார். கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, மருந்து கொடுக்க ஓர் இடமும் இருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர்கூடச் சேரவில்லை. கடற்கரையிலிருந்து வந்து போகும் பரவர்கள்தான் அவருடைய சபை. காரணத்தை நொபிலி ஞானஸ்நானக் கேள்வியிலேயே கண்டுபிடித்தார். அப்போது வழக்கத்தில் இருந்த கேள்வி, ‘பறங்கி குலத்தில் சேருகிறாயா?’ மாடு தின்று, சாராயம் குடித்து, குளிக்காமல் திரிகிறவன் என்பதுதான் மதுரைக்காரர் மனத்தில் பறங்கிக்கு இருந்த உருவம். அந்தக் குலத்தில் சேர எவன் சம்மதிப்பான்?

நொபிலி காவி உடுத்தினார். பாதக்குறடு போட்டார். தினம் ஒரே வேளை மரக்கறி உணவு. தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். அவருடைய முதல் சீடர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரோடு இருபது நாள், தினமும் நாலைந்து மணி நேரம் விவாதம் நடந்தது. உலகத்தைப் படைத்தது யார், மறுபிறவி உண்டா என்று கேள்விக்குக் கேள்வி போட்டு, வாதத்தில் தோற்றதாக மனசார ஒப்புக்கொண்ட பிறகுதான் தண்ணீர். அதற்குப் பிறகும் அவர் குடுமியை எடுக்க வேண்டியதில்லை, சந்தனத்தை அழிக்க வேண்டியதில்லை, பூணூல்காரர் பூணூலைக் கழற்ற வேண்டியதில்லை, கடுக்கனும் காதிலேயே இருக்கலாம். இவையெல்லாம் குலத்தின் அடையாளம், மதத்தின் அடையாளம் அல்ல என்பது நொபிலியின் வாதம்.

பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு எழுதினார். இது மதமாற்றமே அல்ல, வேஷம் என்பது அவர் பக்கம். வழக்கு கோவாவில் 1619இல் கூடிய சபை வரை போய், ரோமாபுரி போய், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையோடு நொபிலிக்குச் சாதகமாக முடிந்தது. நூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம். விளாங்குடியில் பூசைக்குப் போகும் அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இத்தாலியக்காரரின் நினைவு வரும். எதிர்த்தெருச் சபைக்காரர் அதே பொட்டைப் பார்த்து ‘இன்னும் விடுதலை ஆகலை’ என்கிறார். பெர்னாண்டஸ்தான் வென்றார் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அதற்கு நானூறு வருஷம் ஆயிற்று.

நொபிலியை நான் முழுக்க மெச்சமாட்டேன். குலத்தைத் தொடாமல் மதத்தை மட்டும் மாற்றலாம் என்று அவர் போட்ட கணக்கில் ஒரு பாக்கி விழுந்தது. அது இன்றுவரை தீரவில்லை. அதைச் சொல்லும் முன் பரவர் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கதையும் ஒரு காதில்தான் தொடங்குகிறது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைக்காகத் தூத்துக்குடிக் கரையில் பகை முற்றியிருந்த நேரம். ஒரு பரவரின் காதைக் கடுக்கனோடு அறுத்துவிட்டார்கள், அதிலிருந்து கலவரம் மூண்டது என்று பழைய பாதிரிமார் குறிப்புகள் சொல்கின்றன. பரவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். விலை ஞானஸ்நானம். 1536, 37இல் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கிறிஸ்தவரானார்கள். உபதேசம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொய்யான மதமாற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது. உயிருக்கும் கடலுக்கும் பயந்து, கப்பற்படைக்காக, புரியாத பாஷையில் வாங்கிய ஞானஸ்நானம். இன்றைய சட்டக்காரர் யாரிடம் கேட்டாலும் செல்லாது என்பார். ஆனால் 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியக் கப்பல் போய்விட்டது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது, கோயில்கள் பறிபோயின. புதிய எஜமானர்கள் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு வரச் சொல்லி எவ்வளவோ முயன்றார்கள். எந்தப் பாதுகாப்புக்காக மதம் மாறினார்களோ, அந்தப் பாதுகாப்பு இப்போது எதிர்ப்பக்கம் இருந்தது. முன்பு போல இப்போதும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? பரவர்கள் மாறவில்லை. பனிமய மாதாவை விடவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன் பொய்யாக வாங்கிய ஞானஸ்நானம் எந்த நாளில் மெய்யானது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

விளாங்குடி வயலாக இருந்த காலத்தில் நாற்றோடு குதிரைவாலிப் புல்லும் சேர்ந்து வரும். கதிர் தள்ளும்வரை எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பைபிளில் கோதுமையும் களையும் என்று ஓர் உவமை உண்டு. அதில் வயல்காரர் அறுவடைவரை பொறு என்றுதான் வேலையாட்களுக்குச் சொல்கிறார். ஆனால் பொறுக்க யாருக்கு மனசு இருக்கிறது?

அமெரிக்க மிஷனரிகளுக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தவர்கள் அவர்கள். பசுமலை செமினரி, பிறகு அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அவர்கள் வழியில் வந்தவை. நொபிலி விட்ட பாக்கியை வசூலிக்க 1847இல் அவர்கள் உட்கார்ந்தார்கள். சாதியை விட்டவனே சபைக்காரன். விட்டதற்கு அத்தாட்சி சொல் அல்ல, சோறு. தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கியவர் சமைத்ததை, அவரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் எழுந்து போனார்கள். அதில் உபதேசியார்களும் உண்டு, செமினரி மாணவர்களும் உண்டு. விசுவாசப் பிரமாணத்தை வரி தப்பாமல் சொன்ன வாய்களுக்கு அந்த ஒரு கவளம் இறங்கவில்லை.

மதுரை இதுவரை பார்த்த சோதனைகளில் நேர்மையானது அதுதான் என்பேன். வெள்ளைக்காரர் அதிகாரத்தோடு நடத்தினார்கள் என்ற குறை உண்டு. தங்கள் சாப்பாட்டு மேசையில் யாரையெல்லாம் உட்கார வைத்தார்கள் என்று அவர்களையும் கேட்டிருக்கலாம். ஆனாலும் அந்த இலை எதிரே இருந்தபோது நடிக்க இடமில்லை.

அந்தச் சோதனை நிலைக்கவில்லை. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலேயே சுவர் இருந்தது. எறையூரில் 2008இல் ஒரே சபைக்காரர்களுக்குள் சாதிக் கலவரம் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். இன்று விளாங்குடி மாடிச் சபைகளில் புதிதாக வருகிறவரிடம் புகையிலை விட்டாச்சா, சினிமா விட்டாச்சா, சீரியல் விட்டாச்சா என்று கேட்கிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாதியை விட்டாச்சா என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் பழைய சபைகளிலும் கேட்பதில்லை. கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையங்களின் விளம்பரங்களைப் படித்தாலே தெரியும்.

அன்று மெய்யா பொய்யா என்று கேட்டவர் பாதிரியார். இன்று தாசில்தாரும் கேட்கிறார். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதிச் சலுகை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஆகவே வீட்டில் ஜெபம், சர்டிபிகேட்டில் இந்து என்று ஒரு வாழ்க்கை இந்த வட்டாரம் முழுக்க உண்டு. 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது, மதம் மாற்றும் சடங்கை நடத்துகிறவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். 2004இல் அது போய்விட்டது. தாசில்தார் போகவில்லை. ராமநாதபுரத்தில் பட்டியல் சாதியில் பிறந்த ஒரு பெண் மருத்துவர் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதிகாரிகள் அவருடைய கிளினிக்குக்குப் போனார்கள், சுவரில் சிலுவையைப் பார்த்தார்கள், சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். சுவரில் சிலுவை தொங்குவதால் ஒருவர் மதம் மாறிவிட்டதாக முடிவு கட்ட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த ரத்தை நீக்கியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் இருந்து வந்த ஒரு வழக்கைத் தீர்த்தது. கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் கோயிலுக்குப் போகும் புதுச்சேரிப் பெண், வேலைக்காகத் தான் இந்து என்றார். உள்ளத்தில் நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்றது தீர்ப்பு.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நொபிலி இருபது நாள் விவாதித்துத் தெரிந்துகொள்ளப் பார்த்த உள்ளத்தை, இப்போது வருவாய் ஆய்வாளர் சுவரைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொள்கிறார்.

2011இல் விளாங்குடி மதுரை மாநகராட்சியில் சேர்ந்தது. வயல் பிளாட் ஆனது, பிளாட் மாடி ஆனது, மாடி ஜெபவீடு ஆனது. கைப்பிரதிக்குப் பதில் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் வருகிறது. கூட்டங்கள் யூடியூபில் நேரலை. கை தூக்கியவர்களை எண்ணும் நோட்டு இல்லை, பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று திரையே சொல்லிவிடுகிறது.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர் அந்த மாடிச் சபைக்காரர். பொட்டு இல்லை, பூ இல்லை. தோடும் இல்லை, ஆனால் காதுத் துளையில் ஓர் ஈர்க்குச்சித் துண்டு செருகியிருக்கிறார். துளை தூர்ந்துவிடாமல் இருக்கப் பெண்கள் செய்வதுதான். எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. தோட்டைக் கழற்றியவர் துளையை ஏன் காப்பாற்றுகிறார்? ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

“என்னக்கா, கர்த்தருக்காகத் தோட்டைக் கழட்டியாச்சு. குச்சி மட்டும் எதுக்கு?”

“கர்த்தருக்காகன்னு யாரு சொன்னா? மொத அடகுக்குத்தேன் போச்சு தம்பி. வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அப்பதேன் சபைக்காரவுக வந்து ஜெபிச்சாக, கஞ்சி கொண்டாந்து குடுத்தாக. காது மூளியா இருக்கேன்னு வெக்கமா இருந்துச்சு. அங்க போனா எல்லாருக்கும் மூளிக் காது. ஒக்காந்துக்கிட்டேன்.”

“தோடு?”

“மறு வருசமே மீட்டாச்சு. பெட்டிக்குள்ளதேன் கெடக்கு.”

“போட்டுக்கிறலையா?”

“போடலை.”

“அப்ப குச்சி?”

தராசில் தக்காளியை வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார், கணக்குத் தெரியாத பையனைப் பார்ப்பதுபோல. “தூந்து போச்சுன்னா அப்பறம் போட முடியாதுல்ல? போட முடியாதத போடாம இருக்கிறதுல என்னப்பா இருக்கு?”

அரைக் கிலோவுக்கு மேல் ஒரு பழம் கூடுதலாக விழுந்தது. அதை எடுக்காமல் அப்படியே பையில் கொட்டினார்.