வயல் வண்டியும் பொதுத் தெருவும்

ஓர் ஊர்தி எவ்விடத்துக்கென ஆக்கப்பட்டதோ அவ்விடத்தோடு அது நின்றுவிடுவதில்லை. மக்கள் தேவை அதனைப் பிற இடங்களுக்கும் இட்டுச் செல்கின்றது. கோல்ப் விளையாட்டுத் திடலில் ஆடுவோரைச் சுமந்து செல்வதற்கென அமெரிக்காவில் ஆக்கப்பட்ட சிறு வண்டி, இன்று அந்நாட்டின் பல ஊர்களிற் கடைக்கும் பள்ளிக்கும் செல்லும் தெரு வண்டியாகிவிட்டது. வயலை உழுதற்கென ஆக்கப்பட்ட இருசில்லு உழவு இயந்திரம், மன்னார் மாவட்டத்தின் வங்காலை, நானாட்டான் முதலிய ஊர்களில் நெல்லையும் விறகையும் மனிதரையும் ஏற்றிச் செல்லும் தெரு வண்டியாகிவிட்டது. ஒன்று விளையாட்டின் பொருட்டுத் தோன்றியது; மற்றொன்று உழைப்பின் பொருட்டுத் தோன்றியது. தோற்றம் வேறாயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே. பொதுத் தெருவுக்கென ஆக்கப்படாத மெதுவான வண்டி, அத்தெருவில் எந்நிபந்தனைகளோடு இடம்பெறலாம் என்பதே அவ்வினா.

தெருவைப் பற்றிய சட்டங்கள் தொடக்கத்தில் விரைவையே அஞ்சின. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டமொன்று, தாமே இயங்கும் வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகரத்தில் 2 மைலுக்கும் மேற்செல்லலாகாது என விதித்தது. செங்கொடி தாங்கிய ஒருவன் வண்டிக்கு முன்னே நடந்து செல்லவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடு. 1896ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, எல்லை மணிக்கு 14 மைலாக உயர்ந்தது. அதன் பின்னர்த் தெருக்கள் விரைவுக்கெனவே அமைக்கப்படலாயின. ஆகவே இன்று மெதுவாகச் செல்வதே ஆபத்துக்கு ஏதுவாகும் விந்தை நிலை தோன்றியுள்ளது. அன்று விரைவான வண்டிக்கு முன்னே கொடி வேண்டியிருந்தது. இன்று மெதுவான வண்டிக்குப் பின்னே அடையாளம் வேண்டியிருக்கின்றது.

அமெரிக்கா இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்பது நோக்கற்பாலது. 1998ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி அரசு, மணிக்கு 20 மைலுக்கு மேலும் 25 மைலுக்கு உட்பட்டும் செல்லவல்ல நாற்சில்லு வண்டிகளைக் 'குறைவேக வண்டிகள்' எனத் தனி வகுப்பாக்கியது. 25 மைல் என்பது ஏறக்குறைய 40 கிலோமீற்றராகும். முன்விளக்கு, நிறுத்த விளக்கு, திருப்பு விளக்கு, ஒளிதெறிகருவி, பின்னோக்குக் கண்ணாடி, நிறுத்திவைக்கும் பிறேக், முன் கண்ணாடி, இருக்கைப் பட்டி ஆகியன இவ்வகுப்பு வண்டிகளுக்கு வேண்டும் என விதிக்கப்பட்டது. பெருவண்டிக்குரிய எல்லா விதிகளையும் சிறுவண்டியின் தலையிற் சுமத்தாமலும், அதனை விதியின்றி விட்டுவிடாமலும் இடைவழியொன்று காணப்பட்டது. ஜோர்ஜியா மாநிலத்துப் பீச்றீ நகரம் வேறொரு வழியையும் காட்டியுள்ளது. அங்கே கோல்ப் வண்டிகளும் நடப்போரும் ஈருருளியோட்டிகளும் செல்வதற்கென 100 மைலுக்கு நெருங்கிய தனிப்பாதைகள் உள்ளன. இந்தியாவும் இவ்வழியையே பின்பற்றியது. மின் றிக்‌ஷாக்கள் விதியின்றிப் பெருகியமையால் டில்லி உயர் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் அவற்றுக்குத் தடை விதித்தது. பின்னர் அவ்வாண்டிலேயே விதிகளும், 2015இல் சட்டத் திருத்தமும் ஆக்கப்பட்டு, மணிக்கு 25 கிலோமீற்றர், நான்கு பயணிகள் என்னும் எல்லைகளோடு அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன.

இனி வங்காலையை நோக்குவாம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த பழைய கரையோர ஊர் இது. ஒருபுறம் கடற்றொழில், மறுபுறம் கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் நெல்வயல்கள். வயலுக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே சுமை ஓயாது செல்லவேண்டிய நிலப்பகுதி. முற்காலத்தில் மாட்டுவண்டி செய்த இவ்வேலையை இன்று பெரிதும் செய்வது இருசில்லு உழவு இயந்திரமே. பிரித்தானிய வகையொன்றின் பெயரான 'லாண்ட்மாஸ்ரர்' என்பதே, பின்னர் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவற்றுக்கும் ஊர்வழக்கிற் பொதுப்பெயராய் நிலைத்தது. அவ்வியந்திரத்தை உருவாக்கிப் பரப்பியவருள் முதன்மையானவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்த்தன என்பது நம்மவர் பலர் அறியாததொன்று. 1924இற் பிறந்து 2010இல் மறைந்த அவர், பிற்காலத்தில் இயந்திர உழவின் பயனையே ஐயுற்று மண்காப்பு வேளாண்மையின் பக்கம் திரும்பினார். ஆயின் அவர் ஐயத்துக்கு முன்னரே இயந்திரம் உழவர் கையிற் சேர்ந்து, அவர் எண்ணியிராத பல தொழில்களையும் ஏற்றுக்கொண்டது. சேற்று வயலுக்குரிய இரும்புச் சில்லுகளைக் கழற்றி, இறப்பர்ச் சில்லுகளைப் பூட்டி, பின்னே ஒரு பெட்டியைக் கொழுவிவிட்டால் அதுவே தெரு வண்டி. போர்க்காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் உடைமைகளைச் சுமந்து சென்றதும் இதுவே. இதனை அற்பமென இகழ்வதற்கில்லை.

இவ்வண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் அளவிலேயே செல்லும். குண்டும் குழியுமான பழைய தெருவில் ஏனைய வண்டிகளும் அவ்வாறே ஊர்ந்தமையால் இக்குறை தோன்றவில்லை. போர் முடிந்தபின் நிலை மாறியது. மன்னாருக்குப் புதிய பாலமும் தாம்போதியும் 2010இல் திறக்கப்பட்டன. மாவட்டத்துத் தெருக்கள் அகலிக்கப்பட்டுக் காப்பற் இடப்பட்டன. தெரு மாறிற்று, வண்டி மாறவில்லை. வங்காலையை அடுத்த ஈரநிலம் 2008இற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்கு உகந்த அவ்வெளி, வீடும் விளக்குமின்றி இரவில் இருள் சூழ்ந்து கிடப்பது இயல்பே. நேரான தெருவும் சமதரையும் விரைவைத் தூண்ட, இருள் மெதுவான வண்டியை மறைக்கின்றது.

ஆபத்தின் அளவைச் சிறு கணக்கினால் அறியலாம். மோட்டார் வண்டியொன்று மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது; அதன் முன்னே உழவு இயந்திரம் 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. வேக வேறுபாடு 55 கிலோமீற்றர். அஃதாவது, செக்கனுக்கு 15 மீற்றருக்குச் சற்று மேல். விளக்கற்ற பெட்டி 35 மீற்றர் தூரத்திலேயே சாரதியின் கண்ணுக்குப் புலப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். கண்டதை உணர்ந்து பிறேக்கை மிதிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் செல்லும். அதற்குள் இடைவெளியில் 23 மீற்றர் கழிந்துவிடும். எஞ்சுவது 12 மீற்றர். நல்ல உலர்ந்த தெருவிலும், அவ்வேக வேறுபாட்டைக் குறைத்து முட்டாமல் தப்புவதற்கு ஏறக்குறைய 17 மீற்றர் வேண்டும். ஆகவே சாரதி விழிப்புடையவராயினும், மது அருந்தாதவராயினும், சட்ட வேகத்தை மீறாதவராயினும் மோதல் தவிர்க்கவியலாதது. இனி, அப்பெட்டியின் பின்புறத்தில் இரு செந்நிற ஒளிதெறிகருவிகள் இருந்து, 150 மீற்றர் தூரத்திற் புலப்படுகின்றன எனக் கொள்வோம். அப்போது சாரதிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 செக்கன். இது தாராளமாகப் போதும். உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது உள்ளங்கை அளவான இரண்டு பொருள்கள் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

அவற்றைப் பொருத்தும் இடமும் கருதத்தக்கது. வைக்கோற் சுமை பின்னே தொங்கி விளக்கை மறைத்துவிடின் அவ்விளக்கால் யாது பயன்? சுமை மறைக்காதவாறு பெட்டியின் பின்பலகையிற் கீழ்ப்பட, இரு ஓரங்களிலும் அவை அமையவேண்டும். ஓரங்களில் அமைந்தாற்றான் பெட்டியின் அகலம் தெரியும். நடுவில் ஒன்று மாத்திரம் இருப்பின் பின்வருவோர் அதனை ஈருருளியென மயங்குவர். அமெரிக்காவின் ஒகாயோ அரச பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஆக்கப்பட்ட செம்மஞ்சள் முக்கோண அடையாளம், மெதுவான வண்டிகளைக் குறிக்கப் பல நாடுகளில் வழங்குகின்றது. பகலிலும் இரவிலும் புலப்படுவது அதன் சிறப்பு.

புலப்படுவது போலவே நிற்பதும் திரும்புவதும் இன்றியமையாதன. மாட்டுவண்டி சரிவில் இறங்குங்கால் எருதுகள் காலை ஊன்றி, நுகத்தைப் பின்தள்ளி வண்டியைத் தாங்கும். இயந்திரத்துக்கு அவ்வறிவில்லை. பாரமேற்றிய பெட்டி, இழுக்கும் இயந்திரத்தைவிடப் பன்மடங்கு நிறையுடையது. பெட்டியின் காற்பிறேக் பழுதுற்றிருப்பின், சரிவில் இழுக்கப்படும் பெட்டியே இயந்திரத்தைத் தள்ளத் தொடங்கிவிடும்.

இந்நிலையிற் பலர் அறியாத மற்றொரு பொல்லாங்கும் உண்டு. இவ்வியந்திரம் பெரும்பாலும் கைபிடியில் உள்ள இரு சிறு நெம்புகோல்களாற் றிருப்பப்படுகின்றது. இடது நெம்புகோலை அழுத்தினால் இடது சில்லுக்குச் செல்லும் விசை அறும். வலது சில்லு மாத்திரம் உந்த, வண்டி இடப்புறம் திரும்பும். இது சமதரையின் இயல்பு. சரிவிலோ இயந்திரம் சில்லுகளை உந்துவதில்லை; பின்னிருந்து பெட்டி தள்ள, இயந்திரம் அவற்றைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது இடது நெம்புகோலை அழுத்தினால் இடது சில்லு தடையினின்று விடுபட்டு விரைந்தோடும். வண்டி வலப்புறமே திரும்பும். இடப்புறம் ஒதுங்க எண்ணியவன் எதிர்வரும் வண்டியின் முன்னே போய் நிற்பான். மன்னார் சமதரையன்றோ, சரிவு எங்குள்ளது எனக் கேட்கலாம். குளக்கட்டினின்று இறங்குமிடம், பாலத்தின் இருமருங்கு, வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திய தெருவினின்று வயலுக்கு இறங்கும் வழி ஆகியன யாவும் சரிவுகளே. அவ்விடங்களிற் சிறிய கியரில் மெல்ல இறங்குவதும், நெம்புகோலைத் தொடாது கைபிடியைத் தள்ளியே திருப்புவதும் தக்க முறை. வயலில் ஓட்டிப் பழகியதனால் மாத்திரம் இவ்வறிவு வந்துவிடாது.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் தெருவில் ஓடும் ஊர்திகளை வகுத்துள்ளன. இன்றைய சாரதி அனுமதிப்பத்திரத்திற் பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரத்துக்கென 'ஜீ1' என்னும் தனிவகுப்பே உண்டு. எனவே இவ்வண்டி தெருவுக்குப் புறம்பானது அன்று. தெருவுக்கு உரிமையும் கடமையும் உடையது. மோட்டார் ஈருருளிக்குரிய அனுமதி வீட்டில் இருக்கின்றதென்று பதின்வயதுப் பிள்ளையிடம் கைபிடியைக் கொடுத்துவிடும் வழக்கம் சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாதது.

இவ்வண்டியின் பெட்டியில் நெல் மாத்திரம் செல்வதில்லை. அரிவு வெட்டுக்குச் செல்லும் பெண்களும் விழாவுக்குச் செல்லும் குடும்பங்களும் செல்வதுண்டு. ஆடித் திங்களின் இறுதியில் வரும் மடுமாதா திருவிழாவாயினும், மாசித் திங்களில் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியாயினும், கூட்டமாக வழிபடச் செல்வோர் இரவிற் பயணஞ்செய்தல் இயல்பு. பெட்டியில் இருப்போருக்கு இருக்கையுமில்லை, பிடியுமில்லை. மோதலின்போது நெல்மூட்டை சரிந்து வீழ்வதுபோல மனிதரும் வீழ்வர். மனிதரை ஏற்றுதற்குப் பேருந்து இருக்குமிடத்தில் அதனையே நாடுதல் நன்று. இல்லாவிடத்து, சுமைமேல் ஏற்றாது பெட்டியின் தரையில் அமரச் செய்தலும், இருட்டுமுன் ஊர் சேர்தலும் இயலாதன அல்ல.

'இத்துணை ஆபத்துடைய வண்டியைப் பெருந்தெருவினின்று விலக்கிவிட்டால் என்ன?' என்பாரும் உளர். வயல் தெருவின் ஒருபுறமும் வீடு மறுபுறமும் இருக்குமிடத்தில் இது பொருந்தாத தீர்வு. ஏழை உழவனுக்கு வேறு வண்டியுமில்லை. தெரு அனைவருக்கும் பொதுவானது. விரைவோனுக்கு மாத்திரம் உரியதன்று. மன்னார்த் தெருக்களில் மாடும் கழுதையும் நிற்கக்கூடும் என்றறிந்து ஓட்டவேண்டியவன், மனிதன் ஓட்டும் மெதுவான வண்டியையும் எதிர்பார்த்தே ஓட்டவேண்டும். அதுபோல மெதுவாகச் செல்வோனும் தன்னைப் பிறர் காணச் செய்தல், வேண்டுமிடத்து நிறுத்த வல்லனாதல், முறையாகப் பயின்றிருத்தல் என்னும் மூன்று கடமைகளை உடையவன். தெருவை அமைப்போர் அகன்ற ஓரங்களையும், வயலுக்கு இறங்கும் வழிகளிற் சரிவு குறைந்த வாயில்களையும் அமைத்தல் நான்காவது கடமை.

இவற்றுள் முதலாவது கடமைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் ஆலய சபைகளும் முயன்றால், அடுத்த அறுவடைக்கு முன்னரே ஓர் ஊரின் பெட்டிகள் அனைத்துக்கும் ஒளிதெறிகருவி பொருத்திவிடலாம். விசையும் வேகமும் பற்றிப் பாடசாலையிற் பயிலும் மாணவன், அக்கல்வியைத் தன் தந்தையின் வண்டிக்குப் பின்னே இரண்டு செந்நிறத் தகடுகளாகப் பொருத்துவானாயின், அவன் கற்றது பயன்பட்டதாகும்.