எட்யூட் ஒன்றைப் பயிலும் முறை

மாணவர்களே, குறிப்பிட்டதொரு வாசிப்பு நுட்பத்தைப் பயில்வதற்கென ஆக்கப்பட்ட இசை உருப்படி 'எட்யூட்' எனப்படும். 19ஆம் நூற்றாண்டில் இது மேடையில் வாசிக்கத்தக்க கலை வடிவமாகவும் வளர்ச்சியடைந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் 1894இல் ஆக்கிய 12 பியானோ எட்யூட்களில் (ஓபஸ் 8) இறுதியானது இதற்குச் சிறந்த உதாரணமாகும். டி ஷார்ப் மைனரில் அமைந்த இவ்வுருப்படியில் வலக்கை மெட்டை ஒக்டேவ்களாக வாசிக்க, இடக்கை தொலைவிலுள்ள கட்டைகளுக்குத் தாவிச் செல்லும்.

இதனைப் பின்வரும் ஒழுங்கிற் பயில்க.

1. இரு கைகளையும் தனித்தனியே, மெதுவாகப் பயில்க.
2. இடக்கை தாவுமுன், சேரவேண்டிய கட்டையைக் கண் கண்டிருத்தல் வேண்டும்.
3. ஒக்டேவ்களை வாசிக்கையில் மணிக்கட்டு இறுகலாகாது. மேற்சுரமே மெட்டு, அது தெளிவாக ஒலித்தல் வேண்டும்.
4. பிழையின்றி வாசித்த பின்னரே மெட்ரோனோமின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக.
5. கையில் நோவு தோன்றின் உடனே நிறுத்துக.

ஐந்தாவது விதி ஏன் முக்கியமானது? ஸ்க்ரியாபின் மொஸ்கோவில் மாணவராயிருந்தபோது, கடினமான உருப்படிகளை அளவுமீறிப் பயின்றமையால் அவரது வலக்கை பாதிப்புற்றது. இடக்கைக்கு மட்டுமான இரு உருப்படிகளையும் (ஓபஸ் 9) அவர் பின்னர் ஆக்கினார். இந்த எட்யூட்டில் இடக்கைக்குக் கொடுக்கப்பட்டுள்ள கடினமான வேலையையும் இதனுடன் சேர்த்து நோக்குக.

நினைவிற் கொள்க: களைப்பு வேறு, நோவு வேறு. களைப்பு ஓய்வினால் நீங்கும். நோவைப் பொருட்படுத்தாது தொடர்ந்து பயின்றால் கையே பழுதாகலாம். நாள்தோறும் சிறிது நேரம் கவனத்துடன் பயில்வதே சிறந்தது.